மடைப்பலகை யார் கையில்?

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் வாத்து வேட்டைக்குக் குழி குத்தகைக்கு விடுகிறவர்கள் முதலில் சொல்வது குழிக்குள் இருக்கும் வசதிகளைத்தான். பதினாறு அடி நீளம், ஐந்தாறு பேர் தாராளமாக உட்காரலாம், கேஸ் ஹீட்டர் உண்டு, முட்டை பொரிக்க அடுப்பு உண்டு, நாய் நிற்கத் தனி மேடை உண்டு, வரப்பு வரைக்கும் வண்டி போகும். கேட்கிறவருக்கும் இது பிடித்துப்போகிறது. கொடுக்கிற காசுக்குக் கண்ணால் பார்த்து, கையால் தட்டிப் பார்த்து ஒரு பொருளை வாங்கினோம் என்ற நிறைவு அதில் இருக்கிறது. ஆனால் இந்தப் பட்டியலில் உள்ள எதுவும் மேலே பறந்து போகிற ஒரு வாத்தைக் கீழே இறக்காது. குழி என்பது மனிதன் ஒளிந்துகொள்ளும் பெட்டி, அவ்வளவுதான். வாத்து இறங்குவது பெட்டியைச் சுற்றியுள்ள தண்ணீருக்காக, தண்ணீருக்கு அடியில் கிடக்கும் நெல்லுக்காக, அங்கே கிடைக்கும் அமைதிக்காக. பணம் கொடுப்பது குழிக்கு உள்ளே இருப்பதற்கு, பலன் வருவதோ குழிக்கு வெளியே இருப்பதிலிருந்து. குத்தகையில் ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த முரணில்தான் ஏமாறுகிறார்கள். ஆகவே குழியைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, குழியைச் சுற்றியுள்ள மூன்று மைலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அந்த மூன்று மைலையும் ஒரே கேள்விக்குள் அடக்கிவிடலாம்: வயலில் தண்ணீரைத் தேக்கும் மடைப்பலகை யார் கையில்?

குழிகள் அங்கே ஏன் இத்தனை மலிந்தன என்பதற்கு நிலத்திலேயே விடை இருக்கிறது. கிழக்கு ஆர்கன்சாவின் கிராண்ட் ப்ரெய்ரி என்னும் சமவெளியில் மேல்மண்ணுக்கு அடியில் இறுகிய களித்தட்டு ஒன்று ஓடுகிறது. ஊற்றிய தண்ணீர் கீழே இறங்காது. வேறு பயிருக்கு அது குறை, நெல்லுக்கு அதுவே வரம். 1904 வாக்கில் வணிக முறையில் நெல் அங்கே காலூன்றியது. இன்று அமெரிக்காவில் விளையும் நெல்லில் ஏறத்தாழப் பாதி ஆர்கன்சாவில் விளைகிறது. கனடாவிலிருந்து மிசிசிப்பி ஆற்றை ஒட்டித் தெற்கே இறங்கும் வலசைப் பாதை இந்த வயல்களின் மேல்தான் போகிறது. ஒரு காலத்தில் மிசிசிப்பி வண்டல் சமவெளியில் சுமார் 2.4 கோடி ஏக்கர் ஆற்றங்கரைக் காடு இருந்தது. அதில் கால் பங்குகூட இப்போது மிச்சமில்லை. காட்டு வெள்ளத்தில் ஓக் கொட்டை தின்று பனிக்காலம் கழித்த வாத்துகள், காடு போன இடத்தில் வந்த நெல்வயலுக்குப் பழகிக்கொண்டன. ஸ்டட்கார்ட் என்ற சிற்றூர் தன்னை உலகின் நெல், வாத்துத் தலைநகர் என்று அழைத்துக்கொள்கிறது. வாத்துக் குரலில் ஊதும் உலகப் போட்டியை 1936 முதல் நடத்தியும் வருகிறது. காட்டில் மரத்தோடு மரமாக ஒட்டி நிற்கலாம். நெல்வயலில் ஒளிய ஒரு புதர்கூடக் கிடையாது. அதனால்தான் வரப்பைத் தோண்டி எஃகுப் பெட்டியையோ ஃபைபர் பெட்டியையோ இறக்கி, மேலே வைக்கோல் வேய்ந்து, மனிதன் மண்ணுக்குள் போய் உட்கார்ந்தான்.

இதில் ஒரு விஷயம் மறைந்திருக்கிறது. காட்டில் நிற்கிறவன் வாத்து இருக்கும் இடத்துக்கு நடந்து போகலாம், படகில் இருக்கிறவன் துடுப்புப் போடலாம். குழியில் இருக்கிறவன் எங்கேயும் போக முடியாது. வானத்தில் நாளுக்கு நூறு மைல் அலையக்கூடிய பறவைக்கு எதிராக, ஓர் இடத்தில் புதைத்த பெட்டியின் மேல் பருவம் முழுக்கப் பணம் கட்டுவதுதான் குழிக் குத்தகை. ஆகவே அந்த இடம் ஏன் வாத்தை இழுக்கும் என்பதற்குக் காரணம் சொல்ல முடியாவிட்டால், கையெழுத்துப் போடக் கூடாது.

காரணங்களுக்குப் போவதற்கு முன் வாங்குவது என்ன என்பதைக் கணக்கிட வேண்டும். வாங்குவது வாத்து அல்ல, காலைகள். மிசிசிப்பிப் பாதையில் சட்டம் தாராளமாக இருக்கும் ஆண்டுகளில் பருவம் 60 நாள். ஆர்கன்சாவில் அது நவம்பர் கடைசியில் தொடங்கி, நடுவில் இடைவெளி விட்டு, ஜனவரி 31 வரை போகும். ஒருவர் ஒரு நாளில் 6 வாத்துக்கு மேல் சுடக் கூடாது. அதில் மல்லார்டு எனும் பச்சைத்தலை வாத்து 4, அதிலும் பெட்டை 2. ஆக, எத்தனை நல்ல குழியானாலும் ஒரு நாளில் கிடைக்கக்கூடியதற்கு மேல்வரம்பு உண்டு, எத்தனை காலை அங்கே உட்காரப் போகிறோம் என்பதில்தான் கணக்கு நிற்கிறது. 60 நாளில் சனி, ஞாயிறு ஏறத்தாழ 17 வரும். வயல் உறைந்து கிடக்கும் நாள், காற்றே இல்லாமல் வெயில் அடிக்கும் நாள், வீட்டு விசேஷம் எல்லாம் கழித்தால் வேலைக்குப் போகிறவருக்குப் பத்துக் காலை மிஞ்சும். உதாரணத்துக்கு ஒரு குழியின் குத்தகை 9,000 டாலர், ஆறு பங்காளிகள் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 1,500. பத்துக் காலைக்கு வகுத்தால் காலைக்கு 150 டாலர். பக்கத்தில் குடியிருந்து, வடக்கிலிருந்து குளிர்முகம் இறங்கிய மறுநாள் வேலை நாளானாலும் போகக்கூடியவருக்கு இருபது காலை கிடைக்கும், அவருக்கு அதே குழி 75 டாலர்தான். ஒரே குழி ஒருவருக்கு விலை ஏறியும் மற்றவருக்குப் பாதி விலையிலும் இருப்பதற்கு வாத்து காரணமல்ல, தூரமும் நேரமும் காரணம். நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி வருகிறவர் குத்தகை மலிவா என்று கேட்பதற்கு முன், எத்தனை முறை வருவேன் என்று தன்னையே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி தண்ணீர். ஆகஸ்டு, செப்டம்பரில் நெல் அறுப்பதற்காக வயலை வடித்துவிடுகிறார்கள். வாத்து வருவதற்குள் அது மறுபடி நிரம்ப வேண்டும். நிரப்ப இரண்டு வழி உண்டு. மடையில் பலகையைப் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருப்பது ஒன்று, மோட்டார் போட்டு இறைப்பது மற்றொன்று. முதலாவதற்குச் செலவு இல்லை, உறுதியும் இல்லை. இரண்டாவதற்கு உறுதி உண்டு, செலவும் உண்டு. அந்தச் செலவு எவ்வளவு என்பதை எண்ணால் பார்த்தால்தான் புரியும். 40 ஏக்கர் வயலில் 6 அங்குலம் தண்ணீர் நிறுத்துவதென்றால் ஏறத்தாழ இரண்டரைக் கோடி லிட்டர் வேண்டும். நிமிடத்துக்கு ஆயிரம் காலன், அதாவது 3,785 லிட்டர் இறைக்கும் கிணற்று மோட்டார் இரவு பகலாக நான்கரை நாள் ஓட வேண்டும். அது முதல் நிரப்புக்கு மட்டும். நண்டும் எலியும் துளைத்த வரப்பில் கசிவது, வெயிலிலும் காற்றிலும் போவது எல்லாவற்றுக்கும் பிறகும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த டீசல் யார் கணக்கில்? குத்தகைத் தொகைக்குள் அடக்கமா, தனியா? நவம்பரில் மழை பெய்யாவிட்டால் எந்தத் தேதிக்குள் மோட்டாரைப் போடுவார்கள்? தண்ணீர் எத்தனை அங்குலம் நிற்கும்? இந்த நான்கும் எழுத்தில் இல்லாத குத்தகை வெறும் பெட்டிக் குத்தகை.

தண்ணீர் இருக்கிறது என்ற சொல்லும் போதாது. மல்லார்டு முங்கித் தேடும் பறவை அல்ல, தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கி அடிமண்ணைத் துழாவும் பறவை. கணுக்கால் முதல் முழங்கால் வரை உள்ள ஆழம் அதற்கு ஏற்றது. இடுப்பளவு தண்ணீர் கண்ணுக்கு ஏரிபோல அழகாக இருக்கும், அடியில் கிடக்கும் நெல் அதற்கு எட்டாது. ஆழம் குறைந்தால் வேறொரு சங்கடம்: பனி இறுகும் இரவில் முதலில் உறைவது மேலோட்டமான தண்ணீர்தான். ஆழம் சற்றுக் கூடிய பகுதியோ, கிணற்று நீர் ஓடிக்கொண்டிருக்கும் மூலையோ இல்லாத வயல், பருவத்தின் சிறந்த குளிரில் கண்ணாடித் தட்டாகிப் பயனற்றுப்போகும். பூமிக்கு அடியிலும் கணக்கு உண்டு. நூறாண்டுக்கு மேலாக இறைத்து இறைத்து கிராண்ட் ப்ரெய்ரியின் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. 1998-இல் மாநில அரசே அதை நெருக்கடிப் பகுதியாக அறிவித்தது. கிணற்றை மட்டும் நம்பிய வயலுக்கும், மழையைத் தேக்கி வைக்கும் சொந்த நீர்த்தேக்கம் உள்ள வயலுக்கும் குத்தகையில் வேறுபாடு உண்டு. நமக்கு ஏரிப் பாசன வயலுக்கும் மானாவாரிக்கும் உள்ள வேறுபாடு எப்படியோ, அப்படி.

இங்கே ஒரு நுட்பம் பலர் கண்ணில் படுவதில்லை. இறைத்து நிரப்பிய வயலின் மதிப்பு மழைக்கு நேர்மாறானது. இலையுதிர்காலம் வறண்டு போனால் சுற்று வட்டாரத்தில் தண்ணீர் உள்ள வயல் நம்முடையது ஒன்றுதான் என்ற நிலை வரும், வாத்து வேறு எங்கும் போக முடியாது. மாறாக, மழை கொட்டி ஒயிட் ஆறும் கேஷ் ஆறும் கரை புரண்டால் காடு முழுக்க வெள்ளம். மல்லார்டு ஓக் கொட்டைக்குத் தாவிவிடும். மீதமுள்ள வாத்துகள் ஆயிரம் வயல்களில் சிதறிவிடும். ஆக, மோட்டார் உள்ள குழிக்குக் கூடுதல் காசு கொடுப்பது ஒரு காப்பீடு போன்றது. வறண்ட ஆண்டில் அது திரும்பக் கிடைக்கும், வெள்ள ஆண்டில் கிடைக்காது. இதை முன்பே அறிந்து கொடுத்தால் வருத்தம் இல்லை. வெள்ள ஆண்டில் வெறுங்கையோடு திரும்பி, நிலக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்வது கணக்குத் தெரியாத பேச்சு.

அடுத்தது தானியம். தமிழ்நாட்டில் அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பவர்கள் பட்டியை இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. உதிர்ந்த நெல்தான் தீனி. ஆனால் மேய்ப்பவர் அறுவடை முடிந்த கையோடு பட்டியை ஓட்டி வருவார். காட்டு வாத்து ஆர்கன்சாவுக்கு வருவது இரண்டு மூன்று மாதம் கழித்து. அதற்குள் உதிர்ந்த நெல் முளைக்கிறது, அழுகுகிறது, எலியும் கருங்குருவிக் கூட்டமும் தின்கின்றன. செப்டம்பரில் தரையில் கிடந்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் டிசம்பருக்குள் காணாமல் போய்விடும் என்று அங்கே நடந்த அளவீடுகள் காட்டியிருக்கின்றன. குறுகிய காலப் பயிர் வந்து அறுவடை முன்னுக்குப் போகப் போக, இடைவெளி நீண்டு இழப்பும் கூடியது. அறுத்த கையோடு உழுது மடக்கிய வயலில் மிச்சமும் மண்ணுக்குள் போய்விடும். அரிதாளை நிற்கவிட்ட வயல், உருளை ஓட்டிப் படுக்க வைத்த வயல், உழுத வயல் மூன்றும் நீர் நிரம்பிய பின் தூரத்திலிருந்து ஒன்றுபோலத்தான் தெரியும், வாத்துக்குத் தெரியும் வேறுபாடு.

அதைவிடப் பெரிய கேள்வி, இந்த ஆண்டு அந்த வயலில் நெல்தானா என்பது. அங்கே ஓராண்டு நெல், மறு ஆண்டு சோயா என்று மாற்றிப் போடுவது வழக்கம். பயிர் வயல் விட்டு வயல் மாறும், புதைத்த பெட்டி மாறாது. சென்ற ஆண்டு நெல்லுக்கு நடுவே இருந்த குழி இந்த ஆண்டு சோயாத் தாளுக்கு நடுவே இருக்கும். தண்ணீரில் ஊறிய சோயா விரைவில் அழுகும், நெல் உமிக்குள் மாதக்கணக்கில் தாங்கும். ஆகவே சோயா ஆண்டில் அதே குழி வேறு குழி. சட்டத்தின் கண்ணும் இங்கே இருக்கிறது. வழக்கமான முறையில் அறுத்த வயலில் தண்ணீர் நிறுத்திச் சுடலாம். ஆனால் கதிரோடு நிற்கும் பயிரை வெட்டியோ மடக்கியோ தண்ணீரில் சாய்த்துவிட்டால், அல்லது தானியத்தை வாரி இறைத்தால், அது தூண்டில் தீனி. 1935 முதல் தடைசெய்யப்பட்ட வழி அது. தீனியை முழுக்க அகற்றிய பிறகும் பத்து நாள் அங்கே சுட முடியாது. தெரியாமல் உட்கார்ந்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் என்றால் குற்றம் குற்றம்தான். அறுவடைக்குப் பின் வந்த மறுதாம்புக் கதிரை என்ன செய்தீர்கள் என்று நிலக்காரரைக் கேட்பது அவரைச் சந்தேகப்படுவதாகாது. துப்பாக்கியும் உரிமமும் நம்முடையவை.

மூன்றாவது அமைதி. விலை போடவே முடியாத பொருள் இது, அதனாலேயே யாரும் விசாரிப்பதில்லை. வாத்து முட்டாள் பறவை அல்ல. இரண்டு வாரம் எல்லாத் திசையிலிருந்தும் வெடிச்சத்தம் கேட்டால், பகலில் சரணாலயத்தில் மிதந்துவிட்டு, சுடக் கூடாத இரவில் வயலுக்கு வந்து மேயக் கற்றுக்கொள்கிறது. மேற்கு டென்னசியில் மல்லார்டுகளின் மேல் ஜிபிஎஸ் கருவி கட்டி ஆராய்ந்தபோதும் இதே பழக்கம்தான் தெரிந்தது. ஆகவே குழியிலிருந்து சரணாலயம் எத்தனை தூரம், நடுவே எத்தனை குழிகள், அடுத்த வயல்காரர் வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணி வரை சுடுகிறார் என்பவை குழியின் நீள அகலத்தைவிட முக்கியம். ஒரே சதுர மைலில் நான்கு குழி விட்டிருக்கும் நிலக்காரரின் குழி பாதி விலைக்குக் கிடைத்தாலும் விலை அதிகம்தான். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் சுடுவதில்லை, நண்பகலோடு எழுந்துவிட வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்திருக்கும் இடத்தில் குத்தகை கூடுதலாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள், காசு கொடுத்தும் கட்டுப்பாடா என்று முகம் சுளிப்பார்கள். உண்மையில் அவர்கள் காசு கொடுப்பதே அந்தக் கட்டுப்பாட்டுக்குத்தான்.

இத்தனைக்கும் பிறகுதான் குழியின் மூடியைத் திறக்க வேண்டும். அப்போதும் பார்க்க வேண்டியது அடுப்பை அல்ல. வாத்து காற்றை எதிர்த்து இறங்கும். குளிர்முகம் கடந்த பின் அங்கே வடமேற்குக் காற்று அடிக்கும், அந்த நாள்தான் பருவத்தின் நல்ல நாள். அன்று பறவை எந்தப் பக்கத்திலிருந்து இறங்கும், அப்போது நம் கண்ணில் சூரியன் குத்துமா, பொம்மை வாத்துகளைப் பரப்ப முன்னால் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீர்ப்பறவைக்கு ஈயக் குண்டு 1991-இல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. எஃகுக் குண்டு இலேசானது, விரைவில் வேகம் இழக்கும். 35 கஜத்துக்குள் பறவை வராவிட்டால் காயம்தான் மிஞ்சும். பிறகு பெட்டி. 16 அடி நீளம், 4 அடி அகலம், 5 அடி ஆழம் உள்ள வெற்றுப் பெட்டி 320 கன அடி. ஊறிய மண்ணில் அது முழுக்க அமிழ்ந்து நின்றால் தண்ணீர் அதை மேலே தள்ளும் விசை 9 டன். சரியாகக் கட்டி இறக்காத குழி, பிணைப்பு விட்ட படகு மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு எழும்பும். பருவம் முடிந்ததும் சிலர் குழிக்குள் தண்ணீரை நிரப்பி வைப்பது இதற்காகத்தான். மூலையில் துருப் பிடித்த பற்றவைப்பு, அடியில் நிற்கும் கறுப்புத் தண்ணீர், ஓடாத சிறு மோட்டார் ஆகிய மூன்றையும் கோடையிலேயே பார்த்துவிடலாம். ஜனவரி விடியலில் முழங்கால் நனைந்தபடி கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் எதிர்வாதம் உண்டு. முதலாவது, இத்தனை ஆராய்ச்சி எதற்கு, சென்ற ஆண்டு இந்தக் குழியில் எத்தனை விழுந்தது என்ற கணக்கைக் கேட்டால் போதாதா என்பது. கணக்கு பொய்யில்லை என்றே வைத்துக்கொள்வோம். அது சொல்வது சென்ற ஆண்டு மழையை, சென்ற ஆண்டுப் பயிரை, சென்ற ஆண்டு எத்தனை பேர் எத்தனை நாள் உட்கார்ந்தார்கள் என்பதை. பயிர் மாறிவிட்டால் முதல் பாதி செல்லாது. ஆறு தேர்ந்த கைகள் நாற்பது நாள் உட்கார்ந்து எடுத்ததை, வார இறுதிக்கு மட்டும் வருகிறவர் எதிர்பார்த்தால் இரண்டாம் பாதியும் செல்லாது. பழைய கணக்கு பயன்படும் ஒரே வழி, அதைப் பல ஆண்டுக்குக் கேட்டு, எந்த ஆண்டு நெல், எந்த ஆண்டு சோயா, எந்த ஆண்டு வறட்சி என்று பக்கத்தில் எழுதி வாசிப்பது. அப்படி வாசித்தால் அந்தக் கணக்கே நம்மைத் திரும்பத் தண்ணீருக்கும் தானியத்துக்கும்தான் கொண்டுவந்து சேர்க்கும்.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது. பொதுநிலம் இருக்கும்போது குத்தகை ஏன்? ஸ்டட்கார்டுக்கு அருகிலேயே பயோ மீட்டோ, சுமார் 33,000 ஏக்கர் அரசு வேட்டை நிலம் இருக்கிறது. ஒயிட் ஆற்றங்கரையில் 1935-இல் ஏற்பட்ட தேசியச் சரணாலயம் 1,60,000 ஏக்கர், அதன் ஒரு பகுதியில் வேட்டைக்கு அனுமதி உண்டு. நேரமும் உடம்பும் உள்ளவருக்கு, இருட்டில் படகு ஓட்டத் தெரிந்தவருக்கு, கூட்டத்தைச் சகிக்கிறவருக்கு இவை போதும். அவர் குத்தகைப் பக்கமே வர வேண்டாம். ஆனால் பொதுநிலத்திலும் விதிகள் இறுகிவருகின்றன. வெளிமாநிலத்தாருக்கு நாள் வரையறை உண்டு. ஓக் மரங்கள் முன்கூட்டியே தேக்கிய வெள்ளத்தில் நின்று நின்று பட்டுப்போனதால், காட்டில் தண்ணீர் தேக்குவதை இப்போது தாமதப்படுத்துகிறார்கள். மரத்துக்கு அது நல்லது, சரியான முடிவும்கூட. ஆனால் வறண்ட ஆண்டில் பொதுக்காட்டில் தண்ணீர் தாமதமாகத்தான் ஏறும். மறுபடி அதே இடத்துக்கு வருகிறோம். தனியார் குழி பொதுநிலத்தைவிட உயர்ந்ததாவது தண்ணீரைத் தன் விருப்பப்படி நிறுத்த முடிகிறபோது மட்டும்தான். மழையை மட்டும் நம்பிய குழிக்குப் பணம் கட்டுவது, இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்குவது.

மூன்றாவது, குழி என்பது வாத்துக் கணக்கு அல்ல, நட்பு, அதற்கு விலை பார்க்கக் கூடாது என்பது. இதை மறுக்கவில்லை. விடியலுக்கு முன் காப்பி மணத்தோடு இருட்டில் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பது அந்த ஊர் ஆண்களுக்குத் திண்ணை மாதிரி. ஆனால் அதுதான் நோக்கம் என்றால் மலிவான குழியே போதும், மோட்டார்த் தண்ணீருக்குக் கூடுதல் தொகை தர வேண்டாம். தவிர, நட்பு குழிக்குள் குலைவதும் உண்டு. யார் எந்த நாளில் விருந்தாளியைக் கூட்டி வரலாம், ஒருவர் நடுவில் விலகினால் அவர் பங்கை யார் கட்டுவது, வைக்கோல் வேய யார் வருவது, யார் சொன்னால்தான் சுடுவது என்பதெல்லாம் அக்டோபரில் பேசி முடிக்க வேண்டியவை. நிலக்காரரோடு எழுதும் ஒப்பந்தம் ஒன்று, பங்காளிகளுக்குள் எழுதும் ஒப்பந்தம் இன்னொன்று. நட்பை மதிக்கிறவர்களுக்குத்தான் இரண்டாவது காகிதம் அதிகம் தேவை.

நான்காவது, வாத்தே குறைந்து வருகிறதே என்பது. 1955 முதல் வடக்கே நடந்துவரும் கணக்கெடுப்பில் 2023-இல் மல்லார்டு எண்ணிக்கை சுமார் 61 லட்சம், 2024-இல் 66 லட்சம். நீண்டகாலச் சராசரி 79 லட்சத்தை ஒட்டியது. குளிர் குறைந்த ஆண்டுகளில், பனி மூடாத வடக்கு மாநிலங்களிலேயே பல வாத்துகள் தங்கிவிடுவதும் உண்டு. இந்தக் கவலை உண்மையானது, இதற்கு விடை குத்தகையின் காலத்தில் இருக்கிறது. ஐந்தாண்டுக்குக் கண்ணை மூடிக் கையெழுத்திடுவது தவறு. அதே சமயம் ஓராண்டுக் குத்தகை நெல் ஆண்டாக அமைந்தால் நமக்கு ஆதாயம், சோயா ஆண்டாக அமைந்தால் நட்டம். ஆகவே பயிர்ச் சுழற்சியின் நீளமே குத்தகையின் நீளமாக இருப்பது நியாயம். இரண்டாண்டு, நெல் ஆண்டுக்கு ஒரு தொகை, சோயா ஆண்டுக்குக் குறைந்த தொகை, தண்ணீர் நிற்காவிட்டால் கழிவு. பருவ நாள்களை அரசு குறைத்தால் தொகையும் அதே விகிதத்தில் குறைய வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பதில் எந்த நிலக்காரருக்கும் மனத்தாங்கல் வராது.

தமிழ் வாசகருக்கு இன்னொரு கேள்வி எழும், எழ வேண்டும்: இப்படிப் பறவையைச் சுடுவது தகுமா? நம் நாட்டில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இன் திருத்தமும் இதற்கு இடம் தரவில்லை. வேடந்தாங்கலுக்கு வரும் ஊசிவால் வாத்தின் இனமேதான் ஆர்கன்சா வயலிலும் இறங்குகிறது. அங்கே வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1918-இன் வலசைப் பறவைச் சட்டம் வேட்டையை வரையறைக்குள் கொண்டுவந்தது. 1934 முதல் 16 வயது நிறைந்த ஒவ்வொரு வாத்து வேட்டைக்காரரும் ஆண்டுதோறும் வாங்க வேண்டிய முத்திரை, அன்று ஒரு டாலர், இன்று 25 டாலர், சதுப்பு நிலங்களை வாங்கிக் காக்கும் நிதியாகிறது. வேட்டையே கூடாது என்பவரை இந்தக் கணக்கு மாற்றாது, மாற்ற வேண்டும் என்றும் இல்லை. ஆனால் தண்ணீர் நின்ற வயல் வேட்டைக்காரருக்கு மட்டும் பயன்படுவதல்ல. சுடும் பருவம் முடிந்து பிப்ரவரியில் வடக்கே திரும்பும் பறவைக்கும் அந்தத் தண்ணீரே வழிச்சோறு. பருவம் முடிந்த மறுநாளே பலகையைப் பிடுங்கி வயலை வடிக்காமல் இன்னும் சில வாரம் நிறுத்தி வைப்பதையும் குத்தகையில் எழுதிக்கொள்ளலாம். பறவையிடமிருந்து எடுத்தவர் திருப்பிக் கொடுக்கும் மிகச் சிறிய வட்டி அது.

நிலக்காரரின் பக்கமும் இதில் சேர்ந்தே வருகிறது. பனிக்காலத் தண்ணீர் அரிதாளை மக்க வைக்கும், மண் அரித்துப் போகாமல் காக்கும், களையை அடக்கும். வாத்துகள் களைநெல் விதையையும் பொறுக்கித் தின்னும். அவருக்கு வயலில் தண்ணீர் நிற்பதில் ஆதாயம் உண்டு, டீசலில் மட்டும்தான் தயக்கம். வரப்பை வண்டிச் சக்கரம் உழுதுவிடுமோ, காலித் தோட்டாக்கள் வயலெங்கும் கிடக்குமோ என்பது அவருடைய அச்சம். மழை நாளில் நடந்தே வருகிறோம், தோட்டாவைப் பொறுக்கிவிடுகிறோம், டீசலில் பாதி எங்களுடையது என்று சொல்கிற குத்தகைக்காரருக்கு, எந்த நாளில் பலகை போடுவது என்று கேட்டுச் செய்யும் நிலக்காரர் கிடைப்பார். தொகையைக் குறைக்கப் பேரம் பேசுகிறவருக்கு ஹீட்டர் உள்ள குழி கிடைக்கும், தண்ணீருக்குப் பேரம் பேசுகிறவருக்கு வாத்து உள்ள வயல் கிடைக்கும்.

எனவே முடிவெடுக்க ஏற்ற காலம் நவம்பர் அல்ல. நெல் பால் பிடித்து நிற்கும் ஜூலையில், குத்தகைப் பேச்சு சூடு பிடிப்பதற்கு முன், வயலைச் சுற்றி ஒருமுறை நடக்க வேண்டும். குழியை விட்டுவிட்டு நேரே வரப்பின் தாழ்ந்த மூலைக்குப் போனால், அங்கே குழாய் வாயில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகும் நாலைந்து பலகைகள் இருக்கும். பத்து டாலர்கூடப் பெறாத மரத்துண்டுகள். அவற்றை எந்தத் தேதியில் போடுவது, மழை பொய்த்தால் எப்போது இறைப்பது, எப்போது எடுப்பது என்பதில் நமக்கும் ஒரு சொல் உண்டு என்று காகிதத்தில் எழுதித் தருகிறார் என்றால், வீட்டிலிருந்து போய்வரும் தூரமும் ஒத்துவந்தால், குழியின் கூரை ஒழுகினாலும் குத்தகையைப் பிடிக்கலாம். கூரையை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அடைத்துவிடலாம். அந்தப் பலகை முழுக்க மழையின் கையிலோ அடுத்தவர் கையிலோ இருந்தால், எத்தனை நல்ல அடுப்பு இருந்தாலும் கையை மடக்கிக்கொண்டு திரும்பிவிடுவதே மேல்.